ஒரு கண்ணும் நூற்று நான்கு வயதும்

என் பெரியம்மாவின் வலது கண்ணைக் கெடுத்தவர் நீங்கள்தான், டாக்டர். நோய் கெடுத்தது என்று சொல்லாதீர்கள். அந்த நோய்க்கு வைத்தியம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நாள்கூடக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் அவளை வீட்டை விட்டு இறங்க விடாமல் செய்தது உங்கள் பேச்சு.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதவும் தேவையில்லை. கண்டிக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் உங்களைத் தெரியும். ரோட்டோரப் பலகையில் வெள்ளைக் கோட்டும் சிரிப்புமாக நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி என் பெரியம்மா. அவள் தலைக்கு மேல் மூன்று மொழியிலும் வயது 104 என்று எழுதியிருக்கிறது. மனிதன் நூற்றைம்பது வரை வாழலாம், எப்படி என்று எங்களிடம் கேளுங்கள் என்று கீழே இருக்கிறது.

நான் மஹய்யாவையில் இருக்கிறேன். கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க லீக்ஸ், கோவா என்று கத்துகிறவளுக்கு மெதுவாகப் பேச வராது. எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தாள், அங்கேயே கொழுந்து பறித்தாள், இன்றைக்கும் அங்கேதான் லயத்து வரிசை வீடு ஒன்றில் மகனோடு இருக்கிறாள். என் அம்மா போன பிறகு எனக்குத் தாய் என்று சொல்ல மிச்சம் இருப்பது அவள்தான். அவளுக்கு நூற்று நான்கு வயது இல்லை. எண்பத்தெட்டு. எங்கள் குடும்பத்தில் இது ரகசியமே கிடையாது. அந்த லயத்தில் கேட்டால் யாரும் சொல்வார்கள்.

அவளுக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்திருக்கிறாள். நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது அந்தப் பிள்ளை. பிறகு வரிசையாகப் பையன்கள். பதினாறு வருடம் கழித்துத்தான் மறுபடி ஒரு பெண். அதுதான் பெரியம்மா. செத்த பிள்ளையின் பெயரையே இவளுக்கு வைத்தார்கள். எங்கள் ஆட்களிடம் அந்த வழக்கம் உண்டு. போனதே திரும்பி வந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். பெயரை வைத்தவர்கள் பிறப்பைப் பதியவில்லை. அந்தப் பெயரில் ஒரு பிறப்புச் சான்றிதழ் ஏற்கனவே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். படிக்காத சனம் அப்படித்தான் யோசிக்கும். பிற்பாடு, நாடு சுதந்திரமான புதிதில், தோட்டத்து ஆட்களைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்ன காலம் வந்தது. இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று காட்ட எங்கள் ஆட்களிடம் அன்றைக்குக் கேட்காத காகிதம் இல்லை. பெட்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். பழைய காகிதம் என்றால் இன்னும் நல்லது என்று எழுதிக் கொடுத்தவர் சொன்னாராம். பாவாடை கட்டிக்கொண்டு ஓடித் திரிந்த பிள்ளை, அந்த ஒரு கையெழுத்தில் முப்பதை நெருங்கிய பொம்பளை ஆகிவிட்டாள்.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணை மாற்றிவிட்டீர்களா என்று சண்டைக்கே வந்தார்களாம். பெரியம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"அந்த மனுசனுக்கு இருவத்தஞ்சு, எனக்குப் பத்தொம்பது. காகிதத்துல பாத்தா நான் அவருக்கு அக்கா. கோவம் வந்தா அக்கான்னுதான் கூப்புடுவாரு."

சிரிக்க முடியாத விஷயமும் இருக்கிறது. அறுபது வயதாகிவிட்டது, இனி வேலை இல்லை என்று தோட்டத்து ஆபீசில் அவளை ஒரு நாள் நிறுத்தினார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்திநான்கு. மூன்று வயதுக் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளாம். பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு காகிதத்தைப் பார்த்தார்கள், காகிதத்தை நம்பினார்கள். அந்த மலையில் அவளை மாதிரிக் கொழுந்து பறிக்கக் கை இல்லை என்று பெயரெடுத்தவள், அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர்களின் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனாள்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன்.

முதலில் தெரிந்தது எனக்குத்தான். லயத்துக்குப் போய் வாசலில் நின்றால், "யாரு? கொஞ்சம் இருமு பாப்போம்" என்பாள். இருமினால் ஆளைச் சொல்லிவிடுவாள். எல்லோரும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். நான் இருமாமல் நின்று பார்த்தேன். என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே, "யாருன்னு கேக்குறேன்ல, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று ஏசினாள். தேத்தண்ணியை டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் ஊற்றினாள். ஊற்றியதும் தெரியவில்லை.

அடுத்த வாரமே வத்தேகமவில் பஸ் மாறிக் கண்டிக்குக் கூட்டி வந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பகுதி. தாதி அடையாள அட்டையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், உடனே மற்றவர்களைக் கூப்பிட்டார். "ஆச்சி அம்மே" என்று நாலு பேர் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். அது பிழையான வயது என்று நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

உள்ளே இருந்த கண் டாக்டர் வேறு மாதிரி. நடுத்தர வயதுச் சிங்களப் பெண்மணி. தமிழும் கொஞ்சம் பேசினார். நான் கதையைச் சொன்னதும் சிரித்தார்.

"நூத்திநாலோ எம்பத்தெட்டோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு கண்ணுலயும் புரை பழுத்துட்டது. வலது கண் ரொம்ப மோசம். இதயத்தைப் பாத்துட்டு அதை முதல்ல செய்வோம். நாள் கடத்த வேணாம், சரியா?"

இதயத்தையும் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. நாள் குறித்தார்கள். மொத்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் தாதிகள் எடுத்த படம் போனுக்குப் போன் ஓடி உங்களிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் வேனில் பன்விலவுக்கு வந்தீர்கள். பௌர்ணமிப் போயா விடுமுறை, எனக்குக் கடை பூட்டு, அதனால் நானும் லயத்தில் இருந்தேன். நீங்கள் பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்தேன். ரத்தம் எடுத்தீர்கள், தலைமுடியில் ஒரு இழை வெட்டினீர்கள், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டீர்கள். "குடுக்குறதச் சாப்புடுறேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டீர்கள்.

நீங்கள் வேனில் ஏறும்போது நான் பக்கத்தில் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். செத்த பிள்ளை, அதே பெயர், பெட்டியில் இருந்த காகிதம், எல்லாம். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"அம்மா, குடும்பக் கதைகள் சுவாரசியமாக இருக்கும். ஆனால் விஞ்ஞானம் ஆவணத்தைத்தான் பார்க்கும்."

"அப்ப ஆளப் பாக்காதா?" என்று கேட்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இதை நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது.

நீங்கள் போன பிறகுதான் அண்ணன் விஷயத்தைச் சொன்னது. அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன், அறுபத்திநாலு வயது. கண் சத்திரசிகிச்சை பற்றி அது உங்களிடம் கேட்டிருக்கிறது. இந்த வயதில் கத்தி வைத்தால் உடம்பு தாங்காது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, நான் சொட்டு மருந்து அனுப்புகிறேன், கண்டியில் நான் நடத்தப் போகிற கூட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அது முடியும் வரை பொறுங்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நாள் கடத்த வேண்டாம் என்று கண் டாக்டர் சொன்னதையும் அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறது. அப்படியும் பொறுக்கச் சொன்னீர்கள்.

நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒனக்குப் பைத்தியமா? அம்மாவுக்கு எம்பத்தெட்டுன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்டி. ஆனா அவரு படிச்ச மனுசன். ரத்தத்த எடுத்துப் பாக்குறாரு. ஒருவேள நமக்குத்தான் சரியாத் தெரியலயோ என்னமோ."

"ஆமா. அப்ப கடைசித் தங்கச்சியப் பெத்தப்ப அம்மாவுக்கு அம்பத்தேழு. பிரசவம் பாத்த மருத்துவச்சிக்கு மெடல் குடுக்கணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மெடல எனக்குக் குடுங்கடி. பெத்தது நானு."

அண்ணனை நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். வாழ்க்கை முழுக்க மற்றவன் சொன்ன இடத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியும் காவலுக்கு நின்றும் கழித்த மனிதன். அவன் வாசலுக்கு முதல் முறையாக வேன் வருகிறது, கமெரா வருகிறது, போர்வை வருகிறது, பெரிய பெரிய ஆட்கள் வந்து கும்பிடு போடுகிறார்கள். நூற்று நான்கு வயதுத் தாயின் மகன் என்றால் ஒரு மரியாதை. எண்பத்தெட்டு வயதுத் தாய் எல்லா லயத்திலும் இருக்கிறாள். அவளுக்காக யார் வேன் அனுப்புவார்கள்?

ஆஸ்பத்திரி நாள் வந்தது, போனது. நான் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. போன் எடுத்தால், "கூட்டம் முடியட்டும்டி" என்றது அண்ணன்.

கூட்டத்துக்கும் வந்தேன். வாவிக்குப் பக்கத்து மண்டபம், குளிர் போட்டிருந்தார்கள். சாவு என்பதே ஒரு நோய்தான், வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று பேசினீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள். பிறகு பெரியம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கொண்டு வந்து, மாலை போட்டு, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்தீர்கள்.

"பாட்டி, இன்னும் ஐம்பது வருடம் வாழ ஆசையா?"

"யாரு பேசுறது? தம்பி, பேச்சு மட்டுந்தான் வருது, ஆளக் காணோமே."

சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். மறுபடி கேட்டீர்கள்.

"அம்பது வருசமா? அதுல கண்ணு தெரியுமா? தெரியாட்டி வேணாம், வேற யாருக்காச்சும் குடுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். எனக்கு ஆங்கிலம் பேச வராவிட்டாலும் கேட்டால் விளங்கும். மார்க்கெட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் மங்குஸ்தான் விற்கிறவள் நான். இன்னும் ஐம்பது வருடம் வேண்டும் என்று அவள் ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். கண் என்ற சொல்லே அதில் இல்லை. அவர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அப்போதுதான் நானும் எழும்பினேன். "அவளுக்கு எம்பத்தெட்டு. கண்ணு தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போக விடுங்க" என்று கத்தினேன். என் குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். நீங்கள் சிரிப்பு மாறாமல், "உறவினர்களுக்கு உணர்ச்சி அதிகம்" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைத் திரையில் பெரிதாகக் காட்டினீர்கள். ஒரு பையன் வந்து என்னைத் தேத்தண்ணி குடிக்க வெளியே கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விடியும் நேரம் அண்ணன் போன்.

"அம்மா கண்ணப் புடிச்சிக்கிட்டு அலறுது. வாந்தி எடுக்குது. கண்ணு ரத்தமாச் செவந்து கெடக்கு."

"சொட்டு மருந்து ஊத்திப் பாத்தியா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அப்படிக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அண்ணன் அழுதது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

அதே கண் டாக்டர். பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏன் வரயில்ல?" என்றுதான். பழுத்த புரை முற்றி, உள்ளே வீங்கி, கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது. வலியைக் குறைத்தார்கள், அழுத்தத்தைக் குறைத்தார்கள். பார்வை திரும்பவில்லை. உள்ளே நரம்பு செத்துவிட்டது, குறித்த நாளில் வந்திருந்தால் இந்தக் கண் பிழைத்திருக்கும் என்று அவர் சொன்னார். அண்ணன் அப்படியே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டது.

இடது கண்ணை உடனே செய்ய வேண்டும் என்றார். சம்மதம் கேட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன், "வேணாம் டாக்டர், ஏதாவது ஆயிட்டா" என்று தொடங்கியது.

கட்டிலில் இருந்து பெரியம்மா எழும்பி உட்கார்ந்தாள்.

"ஏன் எல்லாரும் அவன்கிட்டயே கேக்குறீங்க? கண்ணு எனக்குல்ல இருக்கு."

"அம்மா, செத்துகித்துப் போயிட்டீன்னா?"

"செத்தாத் தூக்கிப் போடு. ஒன் கையப் புடிச்சிக்கிட்டுக் கக்கூசுக்குப் போறதுக்கு எனக்கு ஆயுசு வேணாம்." பிறகு டாக்டர் நின்ற பக்கம் கையை நீட்டி, "எங்க கை வைக்கணும், சொல்லுங்க மகளே" என்றாள். பெருவிரல் அடையாளம் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆள் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்தான் ஆனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மறுநாள் கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்தார்கள். பெரியம்மா சுவரைப் பார்த்தாள், தாதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன்டி இப்புடிக் கெழவியாயிட்ட?"

"ஒன்னப் பாத்துத்தான்" என்றேன்.

அண்ணனைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்துப் போனாள். "என்னாடா, முழுசா நரைச்சிட்ட? யாரும் சொல்லவேயில்ல." பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்து, நகத்தை ஒருத்தரும் ஒழுங்காக வெட்டி விடவில்லை என்று எங்கள் இரண்டு பேரையும் ஏசத் தொடங்கினாள். வார்டு முழுக்கக் கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

இப்போது லயத்து வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை ஆளுக்கு ஒரு குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலது பக்கம் யாராவது வந்தால் மட்டும் தெரியாது. முழுத் தலையையும் திருப்ப வேண்டும். திருப்பும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வருகிறது.

நீங்கள் போன மாதம் அண்ணனுக்குப் போன் எடுத்தீர்கள். கொழும்பில் அடுத்த கூட்டம், பாட்டி வர வேண்டும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்றீர்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கம்மாவுக்கு எம்பத்தெட்டு, ஆள் மாத்தி எடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தது. அந்த மனிதன் தன் வாழ்க்கையில் ஒரு கோட்டுப் போட்டவரிடம் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது.

நான் நீண்ட ஆயுளுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சாவு நல்லது, வயது வந்தால் போய்ச் சேர வேண்டும் என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. எனக்கு அறுபத்தியொரு வயது. நாளைக்கு யாராவது நிஜமாகவே நூற்றைம்பது வயதைக் கொண்டு வந்து கண்டியில் கொடுத்தால், வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன், பெரியம்மாவையும் இழுத்துக்கொண்டு. வாழ ஆசையில்லாதவள் விடியற்காலையில் மூட்டை சுமக்க மாட்டாள்.

மனிதர்கள் இன்னும் நிறையக் காலம் வாழத்தான் போகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாழ வைக்கப் போவது யார் என்பதிலும் சந்தேகம் இல்லை. கண்ணையும் பல்லையும் முழங்காலையும் இதயத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்கிறவர்கள்தான். அந்தக் கண் டாக்டர் பெரியம்மாவுக்கு ஆயுள் கொடுத்தார். வருடம் எத்தனை என்று அவர் எண்ணவேயில்லை. நீங்கள் எண்ணினீர்கள். நீங்கள் எண்ணிக் காட்டிய வருடங்களில் பதினாறு, யாரும் வாழாத வருடங்கள். காய்ச்சலில் செத்த ஒரு குழந்தை வாழாமல் விட்டது. அதை எடுத்து ஒரு உயிருள்ள பொம்பளையின் தலையில் வைத்து, பாருங்கள் மனிதனால் முடியும் என்கிறீர்கள். முதலில் தோட்டத்து ஆபீஸ் அந்தப் பதினாறைக் காட்டி அவள் வேலையைப் பிடுங்கியது. பிறகு நீங்கள் அதைக் காட்டிக் கண்ணைப் பிடுங்கினீர்கள். அவர்களுக்காவது உண்மை தெரியாது என்று சொல்லலாம்.

உங்கள் பலகைகளில் இன்னும் சில கிழவர்களின் படம் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் செத்த அண்ணனின் காகிதத்தில் வாழ்கிறார்கள் என்று வீட்டில் போய்க் கேட்டீர்களா? அவர்களுக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா? அவர்களையும் கூட்டம் முடியும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறீர்களா?

பலகையைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், அண்ணனுக்குப் போன் எடுக்க வேண்டாம். நீங்கள் மாலை போட்ட அதே மண்டபத்துக்கு, கை தட்டிய அதே சனத்தைக் கூப்பிடுங்கள். வேனுக்குப் பக்கத்தில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? விழுந்தும் ஏன் நூற்று நான்கு என்று காட்டினீர்கள்? கண் வைத்தியர் குறித்த நாளைத் தள்ளிப் போட நீங்கள் யார்? ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.